எழுதப்படாத மாத்திரை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவர்களும் பொதுமக்களும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிற அவை இது. ஆகவே இரு தரப்பாருக்கும் பங்குள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை நடுக்கம் என்ற இதயத்துடிப்புக் கோளாறு, அதனால் வரும் பக்கவாதம், அந்தப் பக்கவாதத்தைத் தடுக்கும் மாத்திரை ஆகிய மூன்றையும் பற்றிச் சொல்லப் போகிறேன். மாத்திரை இருக்கிறது, அதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற வழிகாட்டு நெறியும் அச்சில் இருக்கிறது. அப்படியிருந்தும் தேவைப்பட்டவர்களில் பெரும்பகுதியினருக்கு அது போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதுதான் இன்று என் பேச்சின் மையம்.

முதலில் கோளாறைப் பார்த்துவிடுவோம். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ள வேண்டும். இந்த நோயில் மேலறை சுருங்குவதை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 300 முறைக்கும் மேலாக நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த மின்துடிப்புகளில் சில மட்டும் ஒழுங்கில்லாமல் கீழறைக்கு வந்து சேரும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் இரண்டு அடி அடுத்தடுத்து வரும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு மெலிதாக ஒன்று, பலமாக ஒன்று. எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் தாளம் பிடிபடாது. சிலருக்குப் படபடப்பு இருக்கும், சிலருக்கு மூச்சு வாங்கும். பலருக்கு எதுவுமே தெரியாது.

இடது மேலறையின் ஓரத்தில் விரல் அளவுக்கு ஒரு சிறு பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய்க்காலில் ஓட்டம் குறைந்தால் ஓரத்துக் குழியில் தண்ணீர் தேங்குவதுபோல, மேலறை சுருங்காதபோது அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு உண்டாகும் ரத்தக்கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இந்தப் பையில்தான் உருவாகின்றன. கட்டி பிய்ந்து கிளம்பினால் கழுத்து வழியாக மூளைக்குப் போய் ஒரு பெரிய ரத்தக்குழாயை அடைத்துவிடும். அதனால்தான் இந்த வகைப் பக்கவாதம் மற்றவற்றைவிடக் கடுமையாக இருக்கிறது. பேச்சும் ஒரு பக்கத்துக் கைகாலும் ஒரே நொடியில் போய்விடும்.

அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வு, இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று காட்டியது. இளம்பிள்ளைப் பருவத்து வாதக்காய்ச்சலால் வால்வு பழுதாகி, அதோடு இந்தக் கோளாறும் சேர்ந்தால் ஆபத்து பதினேழு மடங்கு. நம் நாட்டுக்கு இந்த இரண்டாவது எண் மிக முக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மருந்தின் கதை ஒரு மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920-களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-இல் விஸ்கான்சினைச் சேர்ந்த ஒரு விவசாயி, செத்த கன்றையும் உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பால் கேனையும் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் வண்டியோட்டிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம், ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் பொருளைப் பல ஆண்டு உழைப்பில் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே மாரடைப்புக்குப் பிறகு அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அது கொடுக்கப்பட்டது. நம் ஊரில் அதிகம் புழங்கும் அசிட்ரோம் மாத்திரையும் இதே குடும்பம்தான்.

மேலறை நடுக்கத்துக்கு வார்ஃபரின் உதவுமா என்பதை 1989 முதல் 1992 வரை டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஐந்து ஆய்வுகள் தீர்த்துவைத்தன. பிற்பாடு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து 2007-இல் கணக்கிட்டபோது, வார்ஃபரின் பக்கவாதத்தை 64 விழுக்காடு குறைக்கிறது என்று தெரிந்தது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் குறைத்தது 22 விழுக்காடுதான். அறுபத்துநான்குக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆஸ்பிரின் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும். இன்றைக்கும் மேலறை நடுக்கம் என்று ஈ.சி.ஜி.யில் தெளிவாகத் தெரிந்த நோயாளியின் மருந்துச் சீட்டில் ஆஸ்பிரின் 75 மட்டும் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். கேட்டால், வயதானவர், ரத்தக்கசிவு வந்துவிடும், ஆஸ்பிரின் பாதுகாப்பானது என்று பதில் வருகிறது. அந்த எண்ணம் ஆய்வில் பொய்யாகிவிட்டது. 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரிட்டனில் 75 வயதோ அதற்கு மேலோ ஆன 973 பேரிடம் வார்ஃபரினையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டார்கள். ஆஸ்பிரின் தரப்பில் கடும் பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் ஆண்டுக்கு 3.8 விழுக்காடு, வார்ஃபரின் தரப்பில் 1.8. ரத்தக்கசிவு வார்ஃபரினில் கூடுதலாக இல்லை. 2011-இல் வார்ஃபரின் ஒத்துவராத நோயாளிகளிடம் அபிக்ஸபான் என்ற புதிய உறைவுத் தடுப்பு மருந்தையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால், ஆஸ்பிரின் தரப்பினரைத் தொடர்ந்து அப்படியே வைத்திருப்பது நியாயமில்லை என்று முடிவுசெய்தார்கள். பக்கவாதம் 3.7-இலிருந்து 1.6-ஆக இறங்கியிருந்தது. கடுமையான ரத்தக்கசிவு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலறை நடுக்கத்தில் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரினை மாற்றாகக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நெறியும் பிரிட்டிஷ் நெறியும் தெளிவாகச் சொல்லிவிட்டன. இந்த ஒன்றை மட்டும் இளம் மருத்துவர்கள் மனத்தில் நிறுத்திக்கொண்டாலே போதும், இன்றைய மாலை வீணாகாது.

யாருக்கு மாத்திரை வேண்டும் என்பதைச் சொல்ல ஓர் எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. இதயச் செயலிழப்பு, ரத்தக்கொதிப்பு, நீரிழிவு, ரத்தக்குழாய் நோய் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வயது 65 முதல் 74 வரை என்றால் ஒன்று, 75-ஓ அதற்கு மேலோ என்றால் இரண்டு. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண் என்பதற்காக ஒரு மதிப்பெண் சேர்க்கும் வழக்கத்தை 2024-இல் வந்த ஐரோப்பிய நெறி எடுத்துவிட்டது. அந்த நெறிப்படி இரண்டோ அதற்கு மேலோ வந்தால் மாத்திரை தர வேண்டும், ஒன்று வந்தால் தருவது பற்றி யோசிக்க வேண்டும். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ள ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கே இரண்டு வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்!

மிட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இந்த மதிப்பெண்ணே தேவையில்லை. அவர்களுக்கு மாத்திரை கட்டாயம், அதுவும் பழைய வார்ஃபரின் வகைதான். வால்வு சுருங்கியவர்களுக்கும் அபிக்ஸபான் போன்ற புதிய மருந்து நல்லதாக இருக்கும் என்று பலர் நம்பினோம். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் 24 நாடுகளில், வாதக்காய்ச்சலால் இதயம் பழுதான நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. புதிய மருந்தான ரிவரோக்ஸபான் எடுத்தவர்களைவிடப் பழைய மருந்து எடுத்தவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது. பணக்கார நாடுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்ட இந்த நோய் இந்தியாவில் இன்னும் இருக்கிறது. நம் நோயாளிகளையும் சேர்த்து நடந்த ஆய்வு நம்முடைய கேள்விக்கே விடை சொன்னது. புதியது என்பதாலேயே ஒரு மருந்து எல்லாருக்கும் ஏற்றதாகிவிடாது என்று நாம் கற்றுக்கொண்டது இந்த ஆய்விலிருந்துதான்.

இப்போது மையக் கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் 2012 முதல் 2015 வரை, மேலறை நடுக்கம் இருப்பது முன்பே தெரிந்திருந்தும் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்ந்த 94,474 பேரின் பதிவுகளை அலசினார்கள். அவர்களில் பக்கவாதம் வந்த நேரத்தில் சரியான அளவில் உறைவுத் தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஆஸ்பிரின் வகை மட்டுமே எடுத்தவர்கள். 30 விழுக்காட்டினர் எதுவுமே எடுக்கவில்லை. வசதியும் பணமும் உள்ள நாட்டின் கணக்கு இது.

இதற்கு அறியாமைதான் காரணம் என்று நான் நம்பவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு இதில் பெரிய வெளிச்சமாகத் தெரிகிறது. ஒரு மருத்துவர் எழுதிய வார்ஃபரினால் ஒரு நோயாளிக்குக் கடும் ரத்தக்கசிவு வந்தால், அந்த மருத்துவர் அடுத்து வரும் நோயாளிகளுக்கு வார்ஃபரின் எழுதும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைந்தது. ஆனால் வார்ஃபரின் எழுதாமல் விட்ட நோயாளிக்குப் பக்கவாதம் வந்தபோது, அதே மருத்துவரின் பழக்கத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

மருத்துவ நண்பர்களே, இதைக் கேட்டதும் உங்களில் பலருக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். நம் மாத்திரையால் ரத்தவாந்தி எடுத்தவரின் முகம் நமக்கு மறப்பதில்லை. அது நம் கையெழுத்தால் நேர்ந்தது என்று தோன்றுகிறது. மாத்திரை எழுதாததால் கைகால் விழுந்தவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். அவர் வீட்டார் அதை விதி என்கிறார்கள், வயசு என்கிறார்கள். நம்மைத் தேடி யாரும் வருவதில்லை. ஒரு தனி மருத்துவரின் நினைவு இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். வழிகாட்டு நெறி எதற்காக இருக்கிறது என்றால், நாம் பார்க்காமல் போன அந்த நோயாளிகளையும் கணக்கில் சேர்த்துச் சொல்வதற்காக. அதை மீறி நம் பயத்தின்படி நடக்கும்போது, கண்ணில் பட்ட ஒருவருக்காகக் கண்ணில் படாத பலரைக் கைவிடுகிறோம்.

கீழே விழுந்துவிடுவார் என்ற பயமும் இப்படித்தான். வயதானவர், தடுமாறுகிறார், விழுந்து தலையில் அடிபட்டால் ரத்தம் கசியுமே என்று மருந்தை நிறுத்துகிறோம். 1999-இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சராசரி ஆபத்துள்ள ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 295 முறை விழுந்தால்தான் தலைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து வார்ஃபரினின் நன்மையை மிஞ்சும். ரத்தக்கசிவு ஆபத்தை அளக்கவும் ஒரு மதிப்பெண் முறை உண்டு. அது மருந்தை மறுக்க எழுதப்பட்டதல்ல. கட்டுக்கடங்காத ரத்தக்கொதிப்பு, தேவையில்லாத வலிமாத்திரை, குடிப்பழக்கம் போன்ற திருத்தக்கூடிய குறைகளைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காக எழுதப்பட்டது.

பயம் இன்னொரு வேடத்திலும் வருகிறது: அளவைக் குறைத்து எழுதுவது. அபிக்ஸபானின் முழு அளவு 5 மில்லிகிராம், இருவேளை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், ரத்தத்தில் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் ஏதாவது இரண்டு பொருந்தினால் மட்டும் 2.5. அண்மையில் ஒரு சீட்டைப் பார்த்தேன். வயது 68, எடை 72, கிரியேட்டினின் 0.9; எழுதியிருந்தது 2.5, இருவேளை. மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எதற்கும் குறைவாகவே இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், காரணமில்லாமல் குறைந்த அளவில் அபிக்ஸபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாதி மாத்திரை எழுதினால் பாதிப் பாதுகாப்பாவது கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதாரமில்லை. எடை பார்க்கும் மெஷின் ஒவ்வொரு புறநோயாளிப் பிரிவிலும் இருக்கிறது. எடையும் கிரியேட்டினினும் பார்க்காமல் இந்த மருந்துகளை எழுதக் கூடாது.

இனி நோயாளிகளின் பக்கம். என்னிடம் வரும் ஓர் அம்மா, வால்வு சுருக்கத்துக்காக அசிட்ரோம் எடுப்பவர். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டில் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அவருடைய ஐ.என்.ஆர். எண்களை மகள் எழுதி வைத்திருக்கிறார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய எண் பக்கம் பக்கமாக 1.3, 1.4, 1.2. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'அதே அளவு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். பரிசோதனைக்காக அவர் இரண்டு பஸ் மாறி நகரத்துக்கு வருகிறார், ஒரு நாள் கூலி போகிறது, கீரையைத் தொடவே பயந்து விட்டுவிட்டார். இவ்வளவு சிரமப்பட்டும் மருந்து வேலைசெய்யும் அளவில் இல்லை. பரிசோதனை எடுப்பது மருந்தின் அளவைத் திருத்துவதற்காக. திருத்தாவிட்டால் ரத்தம் எடுத்ததற்கே பொருளில்லை. நெறி சொல்வது, எடுக்கப்படும் காலத்தில் 70 விழுக்காடாவது அந்த எண் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்று. கீரையை விடவும் வேண்டாம். வாரத்துக்கு எத்தனை நாள் எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதே அளவைத் தொடர்ந்து சாப்பிடுங்கள். திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ செய்யாதீர்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இந்த மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும். காசநோய் சிகிச்சை தொடங்கும்போதே இதய மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ரிவரோக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பில் சரியாகச் சேராது. விரதநாள் என்று இரவில் பால் மட்டும் குடித்துவிட்டு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய மருந்துகளின் வேலை ஒரு நாள், இரண்டு நாளில் தீர்ந்துவிடும். இரண்டு வேளை தவறவிட்டால் பாதுகாப்பு இல்லை என்றே பொருள். பல் பிடுங்க வேண்டும் என்றால், நிறுத்தலாமா, எத்தனை வேளை நிறுத்தலாம் என்பதை மருந்து எழுதியவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பெரும்பாலான பல் சிகிச்சைகளுக்கு நாள்கணக்கில் நிறுத்தத் தேவையே இல்லை. நிறுத்திய மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லாமல் மாதக்கணக்கில் விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் மாற்ற முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2017-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, அர்ஜென்டினா, பிரேசில், சீனா, இந்தியா, ருமேனியா ஆகிய ஐந்து நாடுகளில் 2,281 நோயாளிகளிடம் நடந்தது. புதிய மருந்து எதையும் அதில் சோதிக்கவில்லை. ஒரு பாதி மையங்களில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் உட்கார்ந்து விளக்கினார்கள், தொடர்ந்து விசாரித்தார்கள், மருத்துவர்களுக்கு அவரவர் நிலவரத்தைத் திருப்பிச் சொன்னார்கள். மறுபாதியில் வழக்கமான சிகிச்சை. ஓராண்டில் முதல் தரப்பில் உறைவுத் தடுப்பு மருந்து எடுப்போர் 68 விழுக்காட்டிலிருந்து 80-ஆக உயர்ந்தார்கள். மறுதரப்பில் 64-இலிருந்து 67. பக்கவாதம் வந்தவர்கள் முதல் தரப்பில் 11 பேர், மறுதரப்பில் 21 பேர். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் பேசிப் புரியவைத்தே பக்கவாதத்தைக் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் அறியேன். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டில் தகுதியுள்ள நோயாளிகளில் 35 விழுக்காட்டினரே மருந்து எடுத்தார்கள். 2016-இல் அது 75 விழுக்காட்டைத் தாண்டியது.

விலை ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் புதிய மருந்துகளை நம் நாட்டு நிறுவனங்களே தயாரிக்கின்றன, விலை வெகுவாக இறங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் இந்தியாவின் பட்டியலிலும் இவற்றில் ஒன்றான டாபிகாட்ரான் இடம்பெற்றது. பட்டியலில் ஏறிய மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரிக்கும் வர வேண்டும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே போய் ரத்தக்கொதிப்பு, சர்க்கரைக்கான மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். மேலறை நடுக்கம் அதிகம் மறைந்திருப்பது இதே வயதினரிடம், இதே நோய்கள் உள்ளவர்களிடம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நாடி பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய நெறி. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடமும் மூன்று விரல்களும் போதும். வாசலில் பி.பி. பார்க்கும் தன்னார்வலர் மணிக்கட்டையும் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்து, துடிப்பு ஒழுங்கில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்க அனுப்ப வேண்டும். மாத்திரைப் பையில் இந்த ஒரு மாத்திரையும் சேர வேண்டும். இதை அரசுக்கு இந்த மேடையிலிருந்து கோரிக்கையாக வைக்கிறேன்.

வீட்டிலிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இது: உங்கள் அப்பா அம்மாவுக்கு மேலறை நடுக்கம் இருக்கிறது என்று சொல்லப்பட்டிருந்தால், நாளைக் காலையில் அவர்களுடைய சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் உறைவுத் தடுப்பு மருந்து இல்லை என்றால், அல்லது ஆஸ்பிரின் மட்டுமே இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வது எங்கள் கடமை.